தறிக்குத் திரும்பும் தாயும் நம் சங்கங்களும்

நம் நெசவாளர் சங்கங்களின் ஆண்டறிக்கைகளில், ஓடிய தறிகள் எத்தனை, நின்ற தறிகள் எத்தனை என்று கணக்குக் காட்டுவது வழக்கம். நின்றவற்றிற்குக் காரணமும் கூறப்படும். நூல் விலை ஏறிற்று, பாவு உரிய காலத்தில் வந்து சேரவில்லை, சரக்குத் தேங்கிற்று, தள்ளுபடி மானியம் தாமதமாயிற்று. இவை யாவும் மெய்யே. ஆயினும் தறி நிற்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. அதை எழுதுவதற்கு அறிக்கையில் இடமே இல்லை. வீட்டில் ஒரு குழந்தை பிறந்திருக்கிறது. தார் சுற்றிய கை, பாவு பிணைத்த கை, மிதியேறி நாடா ஓட்டிய கை, இப்பொழுது தூளியை ஆட்டிக்கொண்டிருக்கிறது. ஆறு மாதம் ஆகிறது. எட்டு மாதம் ஆகிறது. அந்தத் தாய்க்கு உடம்பு தேறிவிட்டது. வேலைக்குத் திரும்ப மனமும் இருக்கிறது, திரும்பியே ஆகவேண்டிய நெருக்கடியும் இருக்கிறது. குழந்தையை வைத்துக்கொள்ள ஆள்தான் இல்லை.

இந்த ஒரு விஷயத்தைப் பற்றியே இங்கே நம் அபிப்பிராயத்தைச் சொல்ல விரும்புகிறோம். இதைக் குடும்ப விவகாரம் என்று தள்ளிவிடுவோர் நம்மிடையே பலர் இருக்கின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. இது நூல் இருப்பைப் போல, நடைமுறை மூலதனத்தைப் போல, சங்கம் கவனிக்க வேண்டிய காரியம் என்பதே நம் துணிபு.

2019-20 ஆம் ஆண்டில் நடந்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நாடெங்கும் 35 இலட்சத்துக்கு மேற்பட்டோர் நெசவிலும் அதைச் சார்ந்த வேலைகளிலும் ஈடுபட்டிருப்பதாகக் கண்டது. அவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் பெண்கள். அம்மாபேட்டையிலும் குகையிலும் இளம்பிள்ளையிலும் ராசிபுரத்திலும் தறி வைத்திருப்போருக்கு இதை எவரும் புள்ளிவிவரம் காட்டிச் சொல்ல வேண்டியதில்லை. கூலிப் புத்தகம் கணவன் பெயரில் இருக்கலாம். சிட்டத்தைப் பிரித்துத் தார் சுற்றிக் கொடுப்பவள் மனைவி. அவள் கை ஓய்ந்தால் தறியிலிருப்பவனும் நாளில் பாதி நேரம் எழுந்து எழுந்து போகவேண்டும். ஆகவே ஒரு பிரசவத்தினால் நிற்பது ஒருவர் வருமானம் மட்டுமன்று. ஒன்றரை ஆள் வருமானம்.

விவசாய அங்கத்தினர் வீடுகளிலும் இதே கதைதான். பரமத்திவேலூர்க் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிக் கவுளி அடுக்குவது, ஆத்தூர், ராசிபுரம் பக்கங்களில் மரவள்ளிக் கிழங்கு தோல் சீவுவது, நிலக்கடலை ஆய்வது, பனமரத்துப்பட்டியில் பொழுது புலருமுன் அரளி மொட்டுப் பறிப்பது ஆகிய இவையெல்லாம் பெரும்பாலும் பெண்கள் வேலை. குழந்தையை வரப்பு மரத்தில் தூளி கட்டிப் போட்டுவிட்டுக் களை எடுத்த காலத்தைப் பெருமையோடு நினைவுகூர்வோர் உண்டு. அந்தத் தூளியில் எறும்பு ஏறியதையும், வெயில் சாய்ந்து முகத்தில் விழுந்ததையும் அவர்கள் சொல்வதில்லை.

சட்டம் உதவாதா என்று கேட்கலாம். உதவும், ஆனால் நமக்கன்று. 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் ஆலையில் குழந்தைக் காப்பறை இருக்கவேண்டும் என்றது. 1976 இல் அந்த எண்ணிக்கை முப்பதாகக் குறைக்கப்பட்டது. 1961 இன் மகப்பேற்று நலச் சட்டம் 2017 இல் திருத்தப்பட்டபோது, சம்பளத்தோடு கூடிய விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் காப்பகம் வைக்கவேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை அங்கே சென்று குழந்தையைப் பார்க்க அனுமதிக்கவேண்டும் என்ற விதிகளும் சேர்ந்தன. 2020 இல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் இவற்றை ஏற்றுக்கொண்டது. நல்ல விதிகளே. ஆனால் குழித்தறி இருப்பது நம் வீட்டு நடையில். சுவரும் நம்முடையது, தறியும் நம்முடையது. எஜமானன் என்று சொல்ல ஒருவனும் இல்லை. சட்டம் யாரைக் கூப்பிட்டு, ஏன் காப்பறை வைக்கவில்லை என்று கேட்கும்? பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிக் கூடங்களில் எஜமானன் இருக்கிறார். ஆனால் பத்துத் தறி, பதினைந்து தறி என்று சிதறிக் கிடக்கும் கூடங்களில் ஐம்பது என்ற எண்ணிக்கை எட்டுவதே அரிது.

அரசாங்கம் சும்மா இருந்துவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் 1987 இல் தொடங்கிய மகப்பேறு உதவித் திட்டம், 2018 முதல் ஏழைத் தாய்க்கு 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவியை அளிக்க ஏற்பாடு செய்தது. அதில் 14,000 ரூபாய் ரொக்கம், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகம். 1975 அக்டோபர் 2 ஆம் நாள் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் அங்கன்வாடியைத் தந்தது. 1982 ஜூலையில் தொடங்கிய சத்துணவுத் திட்டம் இரண்டு வயது நிரம்பிய குழந்தைகளையும் அழைத்துச் சோறு போட்டது. அதைவிடச் சிறிய குழந்தைக்குச் சத்துமாவு வீட்டுக்கு வருகிறது. சத்துமாவு வருகிறது, அதைக் கிண்டி ஊட்டும் கை வருவதில்லை.

இங்கேதான் இடைவெளி இருக்கிறது. பிரசவ உதவி முதல் சில மாதங்களைத் தாங்குகிறது. இரண்டு வயதானால் அங்கன்வாடி தாங்குகிறது. ஆறாம் மாதத்துக்கும் இரண்டாம் வயதுக்கும் நடுவே பதினெட்டு மாதம் கிடக்கிறது. தவழ்ந்து, எழுந்து, விழுந்து, கண்டதை வாயில் போட்டுக்கொள்ளும் பருவம் அதுவே. கண் இமைக்காமல் காவல் வேண்டிய பருவத்தில்தான் காவலுக்கு ஏற்பாடு இல்லை.

அந்தப் பதினெட்டு மாதத்தை நம் குடும்பங்கள் எப்படியோ கடத்தத்தான் செய்கின்றன. பாட்டி இருக்கும் வீட்டில் பாட்டி பார்க்கிறாள். ஆனால் எல்லா வீட்டிலும் பாட்டி இல்லை. இருக்கும் பாட்டியும் பல வீடுகளில் தானே தார் சுற்றியோ கூலிக்குப் போயோ ஜீவனம் செய்கிறவள். அவள் குழந்தையைப் பார்த்தால் அவள் கூலி போயிற்று. அந்த நஷ்டத்தை எவரும் கணக்கில் எழுதுவதில்லை. பாட்டி இல்லாத வீட்டில் மூத்த பெண் குழந்தை பார்க்கிறாள். முதலில் வாரம் ஒரு நாள் பள்ளிக்கு மட்டம். பிறகு பாவு இறக்கும் நாள்களில் மட்டம். தீபாவளி வேலை மும்முரத்தில் ஒரு மாதமே மட்டம். தம்பி நடக்கத் தொடங்குவதற்குள் அக்காவுக்குப் பாடம் புரியாமல் போய்விடுகிறது. பிறகு அவளே வேண்டாம் என்கிறாள். பெண் படிப்பில் பிடிப்பில்லாமல் நின்றுவிட்டாள் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். தம்பியின் தூளிக் கயிறுதான் அவளைக் கட்டிப்போட்டது.

மூன்றாவது வகை, குழந்தையைத் தறியருகிலேயே வைத்துக்கொள்வது. குழியின் விளிம்பும், நூல் தூசும், சாயக் கிண்ணமும் தவழும் குழந்தைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. விசைத்தறிக் கூடமாயின் அந்த இரைச்சலே போதும். நான்காவது வகை, வேலையையே விட்டுவிடுவது. வருமானம் பாதியாகக் குறையும்; செலவு கூடும்; தறி முதலாளியிடம் முன்பணம் வாங்கவேண்டி வரும். முன்பணம் வாங்கியவன் பிறகு கூலி பேச வாய் திறக்க முடியாது. சங்கத்தை விட்டு முதலாளியிடம் போய்ச் சேர்ந்த அங்கத்தினர் சிலரின் கதையை விசாரித்தால், அதன் முதல் அத்தியாயம் ஒரு பிரசவமாக இருக்கும்.

குழந்தைக் காப்பகம் என்றதும் நகரத்தில் உத்தியோகம் பார்க்கும் பெண்களுக்கான ஏற்பாடு என்று எண்ணுவோருக்குச் சிறிது சரித்திரம் சொல்வது நலம். கூட்டுறவு இயக்கத்தின் முன்னோடி என்று நாம் போற்றும் ராபர்ட் ஓவன், ஸ்காட்லாந்தில் நியூ லானார்க் என்னும் ஊரில் பஞ்சு நூற்பு ஆலை நடத்தியவர். 1816 ஜனவரி முதல் நாள் அவர் அங்கே திறந்த கல்வி நிலையத்தில், ஆலைத் தொழிலாளரின் குழந்தைகளை நடக்கத் தெரிந்தவுடனே சேர்த்துக்கொண்டார்கள். அக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓவன் தேடிப் பிடித்த ஆசிரியர் ஜேம்ஸ் புக்கானன் ஒரு கைத்தறி நெசவாளர். புத்தகப் படிப்பு அதிகம் இல்லாதவர்; குழந்தைகளிடம் அன்பும் அளவற்ற பொறுமையும் உள்ளவர் என்பதற்காகவே ஓவன் அவரைத் தேர்ந்தார். மற்றொன்று. ராச்டேல் முன்னோடிகள் தங்கள் கடையைத் திறந்த 1844 டிசம்பர் 21 ஐ நம் கூட்டுறவுப் பாட வகுப்புகளில் மனப்பாடம் செய்கிறோம். அதற்கு ஐந்து வாரம் முன்னர், அதே ஆண்டு நவம்பர் 14 ஆம் நாள், பாரிஸ் நகரில் ஃபிர்மான் மார்போ என்பவர் கூலிவேலை செய்யும் ஏழைத் தாய்மாரின் கைக்குழந்தைகளுக்காகக் காப்பகம் ஒன்றைத் திறந்தார். தாய்மார் சிறு தொகை கட்டினர். வேலை நடுவே வந்து பால் கொடுத்துச் சென்றனர். கடையும் காப்பகமும் ஒரே ஆண்டுப் பிள்ளைகள். ஒன்றை மட்டும் நாம் வளர்த்தோம்.

நம் நாட்டிலும் முன்மாதிரி உண்டு. காந்தி நூற்றாண்டு விழாவுக்காக 1969 இல் டில்லி ராஜகாட் அருகே கட்டட வேலை நடந்தபோது, சித்தாள் பெண்களின் குழந்தைகள் மண்ணிலும் தூசியிலும் கிடந்ததைக் கண்டு மீரா மகாதேவன் ஒரு கூடாரத்தில் தொடங்கியதே நடமாடும் காப்பகம் என்ற அமைப்பு. வேலை நடக்கும் இடத்திற்கே காப்பகமும் சென்றது. குழந்தை வளர்ச்சித் திட்டத்துக்கு வழிகாட்டிய குழுவின் தலைவராக இருந்தவர் மீனா சுவாமிநாதன். நம் தமிழ் எழுத்தாளர் கிருத்திகாவின் மகள். வேலை செய்யும் ஏழைத் தாயின் கைக்குழந்தைக்குக் காப்பகம் வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் வாதாடினார். ஆனால் நமக்கு மிகவும் பொருந்தும் உதாரணம் குஜராத்தில் இருக்கிறது. எலா பட் அம்மையார் 1972 இல் ஆமதாபாத்தில் தொடங்கிய சேவா சங்கத்தின் பெண்கள், பீடி சுற்றுவோரும் புகையிலை வேலை செய்வோரும் தலைச்சுமை வியாபாரம் செய்வோருமாக இருந்தவர்கள், குழந்தைக் காப்பகத்தையே ஒரு கூட்டுறவுச் சங்கமாகப் பதிவு செய்தார்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர்களே அதன் பங்குதாரர்கள். தாய்மார் வேலைக்குப் போகும் நேரத்தைப் பார்த்தே காப்பகத்தின் நேரத்தை வகுத்தார்கள்.

இந்தக் கடைசி விஷயமே முக்கியம். குறைந்த கட்டணம் மட்டும் இருந்து நேரம் பொருந்தாவிட்டால் காப்பகம் காலியாகத்தான் கிடக்கும். 2017 இல் மத்திய அரசு வகுத்த தேசியக் காப்பகத் திட்டம் ஆறு மாதக் குழந்தை முதல் சேர்க்கச் சொன்னது; வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்துக்கு மாதக் கட்டணம் 20 ரூபாய்தான் என்றது; மாதம் 26 நாள், நாளுக்கு ஏழரை மணி நேரம் திறந்திருக்கச் சொன்னது. 2022 இல் அது பால்னா என்ற பெயரில் மாற்றப்பட்டு அங்கன்வாடியோடு இணைக்கப்பட்டது. கட்டணத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நேரம்தான் அலுவலகத்தின் நேரம். நம் வேலை அப்படி நடப்பதில்லை. அரளி பறிப்பவளுக்கு விடியுமுன் மூன்று மணி நேரம் ஆள் வேண்டும். மிச்ச நாளெல்லாம் வேண்டியதில்லை. தறியிலிருப்பவளுக்குப் பாவு ஏறிய நாள்களில் காலை முதல் மாலை வரை வேண்டும். பாவு இல்லாத வாரம் முழுவதும் வேண்டாம். தீபாவளிக்கு முன்னும், பொங்கலுக்கு வழங்கும் வேட்டி சேலை நெய்யும் காலத்திலும் இரவு ஏழு மணி வரை வேண்டும். தை கழிந்தால் பாதிப் பேர் வரமாட்டார்கள். இப்படி ஏறி இறங்கும் தேவைக்கு மாதக் கட்டணம் கட்டு என்றால் எந்தத் தாய் கட்டுவாள்?

இதற்கு விடை நம் கூட்டுறவிலேயே இருக்கிறது. பால் சங்கத்தைப் பாருங்கள். பத்து மணிக்கு அலுவலகம் திறக்கும் வரை பாலை மடியிலேயே வைத்திரு என்று அது எந்த எருமையிடமும் சொன்னதில்லை. விடியற்காலையிலும் மாலையிலும் திறக்கிறது. பத்து லிட்டர் கொண்டுவருபவரையும் அரை லிட்டர் கொண்டுவருபவரையும் ஒரே வரிசையில் நிறுத்தி அளந்து எழுதிக்கொள்கிறது. ஒரு நாள் வராதவரை நீக்குவதில்லை. காப்பகத்தையும் அவ்வாறே வேளைக் கணக்கில் நடத்தலாம். முற்பகல் ஒரு வேளை, பிற்பகல் ஒரு வேளை; விடியல் வேளை தேவைப்படும் ஊரில் அதுவும் ஒன்று. பத்து வேளைச் சீட்டு அடங்கிய சிறு புத்தகம் ஒன்றை அங்கத்தினர் வாங்கிக்கொள்வது. வந்த வேளைக்கு ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுப்பது. பணத்தைக் கூலிப் பட்டுவாடாவில் கழித்துக்கொள்வது.

செலவுக்கு ஓர் உத்தேசக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளுக்குப் பதினைந்து குழந்தை. ஒருவர் பின் ஒருவராக நேரம் மாற்றி வரும் மூன்று பெண்கள். ஒவ்வொருவருக்கும் மாதம் 10,000 ரூபாய் என்றால் 30,000. பால், கஞ்சி, சோப்பு, மின்சாரம் வகையில் 6,000. ஆக 36,000. குழந்தை ஒன்றுக்கு மாதம் 2,400. இருபத்தாறு நாளுக்கு வகுத்தால் நாள் ஒன்றுக்கு 92 ரூபாய். இதில் பாதியைச் சங்கம் ஏற்றால் தாய் கட்டவேண்டியது நாளுக்கு 46, ஒரு வேளைக்கு 23. சங்கத்தின் பங்கு ஆண்டுக்கு 2,16,000 ரூபாய். நானூறு அங்கத்தினர் உள்ள சங்கத்தில் தலைக்கு 540. மாதம் 45 ரூபாய். கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் நிகர லாபத்திலிருந்து பொதுநல நிதிக்கு ஒதுக்க இடம் தருகிறது. லாபம் காணும் சங்கம் அதிலிருந்து கொடுக்கலாம். லாபம் காணாத சங்கங்கள் இரண்டு மூன்று சேரலாம். நெசவாளர் சங்கமும் பால் சங்கமும் தொடக்க வேளாண்மைக் கடன் சங்கமும் ஒரே ஊரில் இருக்கும்போது மூன்றும் சேர்ந்து ஒரு காப்பகம் நடத்துவதில் என்ன குறைவு?

மூன்று பெண்களுக்குச் சம்பளம் எதற்கு, வயதான பெண்கள் சும்மா பார்த்துக்கொள்ள மாட்டார்களா என்று கேட்பவர் நம் மகாசபையிலேயே எழுந்து நிற்பார். அவருக்குச் சொல்வோம்: நூலை எடைபோடுபவருக்குச் சம்பளம் தருகிறோம், சரக்கைக் காவல் காப்பவருக்குத் தருகிறோம். 2005 ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், வேலைத்தளத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்தால், பெண்களில் ஒருவரைக் குழந்தை பார்க்க நியமித்து அவருக்கும் அதே கூலி கொடுக்கவேண்டும் என்று விதித்தது. குழந்தை பார்ப்பதும் வேலையே என்று சட்டமே ஒப்புக்கொண்ட பிறகு, நாம் அதை இலவசமாகக் கேட்பது அழகன்று. குறைந்த சம்பளம் கொடுத்தால் நல்ல ஆள் நிலைக்கமாட்டாள். ஆள் மாறிக்கொண்டே இருந்தால் குழந்தை ஒட்டாது. குழந்தை அழுதால் தாய் இரண்டாம் நாளே நிறுத்திவிடுவாள். கூலியைப் பிடித்துச் சிக்கனம் செய்ய இது இடமில்லை.

கலந்து இருந்தால் குழந்தைகளுக்கு நோய் ஒட்டும் என்ற அச்சம் நியாயமானது. காய்ச்சல் கண்ட குழந்தையை அன்றைக்கு ஏற்கலாகாது. தடுப்பூசி அட்டையைச் சேர்க்கும்போதே பார்க்கவேண்டும். கிராம சுகாதாரச் செவிலியர் மாதம் ஒருமுறை வந்து பார்க்க ஏற்பாடு செய்யவேண்டும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலே உணவு என்பதால், அதற்கு முன்னர் வேலைக்கு வரநேரும் தாய்க்குக் காப்பகம் கூப்பிடு தூரத்தில் இருப்பது அவசியம்.

பெயர் வைப்பதைப் பற்றியும் ஒரு சொல். தொட்டில் என்று தொடங்கும் பெயர்கள் சிலருக்குத் தோன்றலாம். 1992 இல் பெண் சிசுக்களைக் காக்கும் தொட்டில் குழந்தைத் திட்டம் முதலில் தொடங்கியது நம் சேலத்தில்தான். வேண்டாத குழந்தையை விட்டுச் செல்லும் இடம் என்ற நினைவு அச்சொல்லோடு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் காப்பகம், வேண்டிய குழந்தையை மாலையில் திரும்ப வாங்கிக்கொள்ளும் இடம். பாலர் மனை என்றோ சங்க மனை என்றோ சாதாரணமாக இருக்கட்டும்.

வரும் மகாசபைக் கூட்டங்களில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவருமாறு அங்கத்தினர்களை, முக்கியமாகப் பெண் அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். தீர்மானத்துக்கு முன் ஒரு சிறு காரியம் செய்தால் போதும். ஊரில் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள அங்கத்தினர் வீடுகள் எத்தனை, எந்த வேளைக்கு ஆள் வேண்டும், எவ்வளவு கட்டமுடியும் என்று வீடுவீடாகக் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளவேண்டும். ஆண்கள் போய்க் கேட்டால் வீட்டில் எல்லாம் சௌக்கியம் என்றே பதில் வரும். ஆகையால் இரண்டு பெண்களை அனுப்புவது உத்தமம். அந்தத் தாளோடு குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரைப் பார்த்தால் அங்கன்வாடியை ஒட்டிய காப்பகத்துக்கு வழி உண்டா என்பதும் தெரியும். இல்லையெனில் சங்கமே தொடங்கலாம். இடத்துக்குச் சங்கத்தின் பழைய நூல் அறை ஒன்றே போதும். சாயப் பட்டறையின் புகையும் கழிவுநீரும் எட்டாததாக, கதவுக்கு உயரமான வாசற்படியோ தடுப்புப் பலகையோ உள்ளதாக, தறியில் இருக்கும் தாய்க்குக் குழந்தை அழும் குரல் கேட்கும் தூரத்தில் உள்ளதாகப் பார்த்துக்கொள்ளவேண்டும்.